அம்புக்குறி காட்டிய இடத்தில் கட்டி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மருத்துவப் பக்கத்தில் ஞானப்பல் பற்றி வந்த கட்டுரையோடு ஓர் ஓபிஜி படமும் (இரு தாடைகளையும் எல்லாப் பற்களையும் ஒரே நீளப் படமாகக் காட்டும் எக்ஸ்ரே) அச்சாகியிருந்தது. கீழ்த்தாடையில், முன்கடைவாய்ப் பற்களின் வேருக்குக் கீழே தெரியும் கறுப்புப் புள்ளிக்கு அம்புக்குறி போட்டு 'வேர் நுனியில் நீர்க்கட்டி' என்று எழுதியிருந்தீர்கள். கட்டுரையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. படத்தில்தான் இரண்டு பிழைகள். அந்தப் புள்ளி கட்டி அல்ல. எல்லாருடைய தாடையிலும் இருபுறமும் இருக்கிற துளை. படமும் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது. ஓரத்தில் உள்ள 'எல்' என்ற ஆங்கில எழுத்து, கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி நிற்பதே அதற்குச் சாட்சி.

இதற்கு இவ்வளவு நீளக் கடிதமா என்று தோன்றலாம். ஓபிஜி எடுத்த யாரும் தங்கள் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அதே கறுப்புப் புள்ளி அதே இடத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'எனக்கும் கட்டியா?' என்று கேட்டால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பல் மருத்துவ மாணவர்களே முதல் வருடங்களில் இந்தப் புள்ளியில் தடுக்கி விழுவார்கள்.

துளையின் பெயர் மென்டல் ஃபோரமென். ரிப்போர்ட்டில் 'மென்டல்' என்று பார்த்து மிரள வேண்டாம். மனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லத்தீனில் 'மென்டம்' என்றால் மோவாய். மோவாய்த் துளை என்றே இங்கே சொல்கிறோம். கீழ்த்தாடை நரம்பு, தாடை எலும்பின் நிமிர்ந்த பின்பகுதியில் நாக்குப் பக்கம் உள்ள ஒரு வாசலில் நுழைகிறது. கடைவாய்ப் பற்களின் வேர்களுக்குக் கீழே கால்வாய் போன்ற பாதையில் ஓடி, முன்கடைவாய்ப் பற்களுக்கு அருகில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை எலும்புக்குள்ளேயே முன்பற்களை நோக்கிப் போகும். மற்றது இந்தத் துளை வழியே வெளியே வந்து கீழுதட்டுக்கும் மோவாய்த் தோலுக்கும் உணர்வு தருகிறது. கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க ஊசி போட்டால் அந்தப் பக்கத்து உதடும் சேர்ந்து மரத்துப்போவது இதனால்தான்.

துளையின் அகலம் ஏறக்குறைய 3 முதல் 4 மி.மீ. பெரும்பாலானவர்களுக்கு இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லின் கீழோ, இரண்டு முன்கடைவாய்ப் பற்களுக்கு நடுவிலோ இருக்கும். பல் உள்ள தாடையில் பற்குழி எலும்பின் மேல் விளிம்புக்கும் தாடையின் அடி விளிம்புக்கும் ஏறத்தாழ நடுவே நிற்கும். எல்லாப் பற்களையும் இழந்து பல வருடம் ஆன தாடையில் மேல்பக்க எலும்பு கரைந்துகொண்டே வர, துளை மேட்டின் உச்சிக்கே வந்துவிடும். பல்செட் போட்ட முதியவர் சாப்பிடும்போது உதட்டில் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்கிறது என்றால், பல்செட்டின் விளிம்பு இந்த நரம்பை அழுத்துகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். செட்டின் அடிப்பகுதியில் அந்த இடத்தைக் கொஞ்சம் குடைந்து விட்டாலே பலருக்குச் சரியாகும்.

கறுப்பு என்றால் அந்த இடத்தில் கதிர் அதிகத் தடையில்லாமல் கடந்திருக்கிறது, அவ்வளவே. சீழால் எலும்பு கரைந்தும் இருக்கலாம், பிறவியிலேயே துளையாகவும் இருக்கலாம். பிரித்தறியும் வழி மூன்று. முதலாவது, வேரைச் சுற்றிப் பாருங்கள். ஆரோக்கியமான பல்லின் வேரை ஒட்டி ஒரு மெல்லிய கறுப்புக் கோடும் அதற்கு வெளியே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடும் ஓடும். கறுப்பு, பல்லை எலும்போடு பிணைக்கும் நார் இருக்கும் இடைவெளி. வெள்ளை, பற்குழியின் சுவர்; லாமினா டியூரா என்பார்கள். வேர் நுனியில் இந்த வெள்ளைக் கோடு அறுபடாமல் சுற்றி வந்தால், பின்னால் தெரியும் கறுப்பு பல்லுடையது அல்ல. இரண்டாவது, எக்ஸ்ரே குழாயைப் பக்கவாட்டில் 15–20 டிகிரி நகர்த்தி அந்தப் பல்லை மட்டும் சிறிய படமாக, அதாவது ஐ.ஓ.பி.ஏ. அல்லது ஆர்.வி.ஜி. ஆக, மறுபடி எடுப்பது. வேரோடு சம்பந்தப்பட்ட கட்டி வேர் நுனியை விட்டுப் பிரியாது. மோவாய்த் துளை எலும்பின் கன்னப்பக்கச் சுவரில் இருப்பதால், குழாய் போன திசைக்கு எதிர்த் திசையில் வேரை விட்டு நகர்ந்துவிடும். நாக்குப் பக்கம் இருக்கும் பொருள் குழாயோடு போகும், கன்னப் பக்கம் இருப்பது எதிரே போகும் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்வது இதைத்தான். 1910 வாக்கில் கிளார்க் எழுதிவைத்த விதி. மூன்றாவது, பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று குளிர் வைத்துப் பார்ப்பது. வேர் நுனியில் கட்டி உண்டாக வேண்டுமானால் உள்ளே இருக்கும் கூழ் செத்திருக்க வேண்டும். குளிர் பட்டவுடன் கூசி, எடுத்தவுடன் அடங்கினால் அந்தப் பல்லுக்கு வேர் சிகிச்சை தேவையில்லை. இந்த மூன்றையும் செய்யாமல் நல்ல முன்கடைவாய்ப் பல்லில் துளை போடுவது நடக்கத்தான் செய்கிறது.

இதே போலப் பயமுறுத்தும் இயல்பான நிழல்கள் இன்னும் சில உண்டு. மேல் முன்பற்கள் இரண்டின் வேர்களுக்கு நடுவே தெரியும் முட்டை வடிவக் கறுப்பு, அண்ணத்தின் முன்துளை. 6 மி.மீ. அகலம் வரை கவலையில்லை, 10 மி.மீ. தாண்டினால் கட்டியா என்று விசாரிக்கலாம். கீழ் நடு முன்பற்களுக்குக் கீழே வெள்ளை வளையமும் நடுவில் ஊசிமுனைப் புள்ளியும் தெரிந்தால், அது நாக்குத் தசை பற்றியிருக்கும் எலும்பு முடிச்சும் சிறு இரத்தக்குழாய் நுழையும் துளையும். கீழ்க் கடைவாய் வேர்களுக்குக் குறுக்கே சரிவாக ஓடும் இரண்டு வெள்ளைக் கோடுகளில் மேலே இருப்பது வெளிப்புற வரப்பு, கீழே இருப்பது உட்புறம் வாய்த்தளத் தசை ஒட்டும் வரப்பு. அந்த உள்வரப்புக்குக் கீழே தாடை குழிந்து மெலிந்திருப்பதால் அங்கே ஒரு பெரிய மங்கல் கறுப்பு தெரியும்; கீழ்த்தாடை உமிழ்நீர்ச் சுரப்பி படுத்திருக்கும் இடம் அது. சிலருக்கு அந்தக் குழிவு ஆழமாகி, தாடை மூலைக்கு அருகில் வெள்ளை விளிம்போடு வட்டமாகவே தெரியும். ஸ்டாஃப்னே 1942இல் இத்தகைய 35 குழிகளை விவரித்தார். அவை எல்லாம் நரம்புக் கால்வாய்க்குக் கீழே இருக்கும். பல்லிலிருந்து கிளம்பும் கட்டிகளோ பெரும்பாலும் கால்வாய்க்கு மேலே தொடங்குபவை. பல் முளைப்பது கால்வாய்க்கு மேலேதான். கால்வாய் எங்கே போகிறது என்று தேடத் தெரிந்தாலே ஒரு வீண் அறுவைச் சிகிச்சை மிச்சம்.

குழந்தைகளின் படத்தில் வேறு கதை. ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப் பல்லின் வேர் 9–10 வயதில்தான் மூடும். அதுவரை வேர் நுனி புனல்போல் திறந்திருக்கும், அடியில் வட்டக் கறுப்பு இருக்கும். வேரைக் கட்டிக்கொண்டிருக்கும் திசு அது. எட்டு வயதுப் பிள்ளையின் படத்தில் இதைச் சீழ்க்கட்டி என்று படித்தால், வேர் வளர வேண்டிய பல்லை நாமே கொன்றுவிடுவோம்.

மறுபக்கமும் உண்டு. எலும்பில் உள்ள தாதுவில் ஏறக்குறைய 30 முதல் 50 சதவீதம் போன பிறகுதான் சாதாரணப் படத்தில் கறுப்பாகக் கண்ணுக்குப் படும். அதனால் வலி நேற்றுத் தொடங்கியிருந்தால் படம் சுத்தமாக இருக்கலாம். 'எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, அப்புறம் எதற்கு ரூட் கெனால்?' என்று சண்டைக்கு வருபவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேல்தாடையில் அதிகம் ஏமாற்றுவது சைனஸ், அதாவது மூக்கின் இருபுறமும் மேல்தாடை எலும்புக்குள் இருக்கும் காற்றறை. கடைவாய்ப் பற்களின் வேர்கள் சைனஸுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதுபோல ஓபிஜியில் தெரியும். உண்மையில் பல வேர்கள் சைனஸ் தளத்துக்கு முன்னாலோ பின்னாலோதான் நிற்கின்றன. தட்டையான படத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. உள்ளே போயிருக்கிறதா என்பதற்கும் முன்பு சொன்ன பற்குழிச் சுவரே அளவுகோல்: வேரைச் சுற்றி வெள்ளைக் கோடு முழுதாக இருந்தால் எலும்புக் கவசம் இருக்கிறது. பல் ஒன்றைப் பிடுங்கிப் பல வருடம் விட்டால் அந்த இடைவெளியில் சைனஸ் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். தனித்து நிற்கும் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது தளம் உடைந்து வாய்க்கும் சைனஸுக்கும் வழி விழுவது அப்போதுதான். கன்னத்து எலும்பின் அடிப்பகுதி வேறு, 'யூ' வடிவ வெள்ளை நிழலாக அந்த வேர்களின் மேலேயே விழுந்து மறைக்கும்.

இனி தங்கள் கட்டுரையின் நாயகனான ஞானப்பல்லுக்கு வருவோம். கீழ் ஞானப்பல்லைப் பிடுங்கும் முன் ஓபிஜியில் தேட வேண்டியது, வேருக்கும் நரம்புக் கால்வாய்க்கும் உள்ள உறவு. கால்வாய் இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே கறுப்புப் பட்டையாகத் தெரியும். 1990இல் ரூட், ஷெஹாப் என்ற இருவரும் ஏழு அடையாளங்களை ஆராய்ந்து, அவற்றில் மூன்றை நரம்பு சேதத்தோடு அதிகம் தொடர்புள்ளவையாகச் சொன்னார்கள்: கால்வாய் கடக்கும் இடத்தில் வேர் கறுத்துப்போவது, கால்வாயின் வெள்ளைக் கோடு அறுபடுவது, கால்வாய் வளைந்து விலகுவது. வேர் கறுக்கக் காரணம், நரம்பு அந்த வேரில் ஒரு பள்ளம் பதித்திருப்பது அல்லது நாக்குப் பக்கச் சுவர் மெலிந்திருப்பது. கோடு அறுபடுவது, வேருக்கும் நரம்புக்கும் நடுவே எலும்பே இல்லாமல் போயிருக்கலாம் என்பதன் குறி. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண எக்ஸ்ரே எடுத்து, நரம்பு வேரின் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தபின் கை வைப்பதே முறை. ஒன்றும் தெரியாதபோது எல்லாருக்கும் சி.பி.சி.டி. எழுதுவதற்குக் காரணம் இல்லை.

கதிர்வீச்சுக் கணக்கையும் இங்கேயே முடித்துவிடலாம். ஓர் ஓபிஜிக்கு ஏறக்குறைய 10–25 மைக்ரோசீவர்ட். இயற்கையிலிருந்து ஒரு மனிதர் பெறும் அளவு உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் (2,400 மைக்ரோசீவர்ட்) என்பதால், அது சில நாள் இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். சி.பி.சி.டி. கருவிக்கும் படமெடுக்கும் பரப்புக்கும் ஏற்ப அதைப்போலப் பல மடங்காகும். கிளினிக்கில் உள்ள கருவி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பதிவு பெற்றதா என்று கேட்பதில் தவறே இல்லை. தைராய்டுக் காப்பு கொடுக்கவில்லையே என்று ஓபிஜி எடுக்கும்போது வருந்த வேண்டாம். அது கதிரின் பாதையில் நின்று படத்தைக் கெடுக்கும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024இல் காப்பு அங்கி, கழுத்துப்பட்டை இரண்டுமே வேண்டியதில்லை என்று பரிந்துரைத்துவிட்டது.

படம் கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கருவி அல்ல, நிற்கிற விதம். ஹெல்சிங்கியில் பாட்டெரோ 1940களின் இறுதியிலிருந்து உருவாக்கிய முறைதான் இன்றும்: குழாய் தலைக்குப் பின்னாலும் உணரி முகத்துக்கு முன்னாலுமாக 12 முதல் 18 வினாடிகள் சுற்றி வரும். குதிரை லாடம்போல் வளைந்த ஒரு பட்டைக்குள் இருப்பது மட்டும் தெளிவாக விழும். முன்பற்கள் இருக்கும் இடத்தில் அந்தப் பட்டை மிகக் குறுகலானது. அதனால்தான் கடிக்கத் தருகிற குச்சியின் பள்ளத்தில் மேல், கீழ் முன்பற்களின் நுனி இரண்டும் சரியாக உட்கார வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். முன்னே தள்ளி நின்றால் முன்பற்கள் ஒடுங்கி மங்கும். பின்னே நின்றால் அகன்று மங்கும். மோவாயைக் கீழே குனித்தால் பல்வரிசை அளவுக்கு மீறிச் சிரிக்கும், கீழ் முன்பற்களின் வேர் நுனி மறையும். மோவாயைத் தூக்கினால் வரிசை தட்டையாகி, அண்ணத்தின் வெள்ளைப் பட்டை மேல்வேர்களின் மேல் விழும். தலை ஒருபுறம் திரும்பினால் ஒரு பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் மட்டும் பெரிதாகும். 'ஒரு தாடை வீங்கியிருக்கிறது' என்று படிப்பதற்கு முன் அந்தப் பக்கத்துப் பற்களும் சேர்ந்து பெருத்திருக்கிறதா என்று பாருங்கள். கழுத்தைத் தொங்கப்போட்டால் முதுகெலும்பின் நிழல் படத்தின் நடுவில் வெள்ளைக் கோபுரமாக எழும். மிக அதிகம் நடக்கும் தவறு நாக்கு. எச்சில் விழுங்கிவிட்டு நாக்கை அண்ணத்தில் முழுவதுமாக ஒட்டி வைக்காவிட்டால் நடுவே நிற்கும் காற்று கறுப்புப் பட்டையாக மேல்வேர்களை விழுங்கிவிடும். 'அசையாதீர்கள்' என்று சொல்லும் டெக்னீஷியன் நாக்கைப் பற்றிச் சொல்ல மறந்துவிடுகிறார்.

நகை பற்றி ஒரு வார்த்தை. கம்மல் ஒரே படத்தில் இரண்டு தடவை விழும்: தன் இடத்தில் கூர்மையாக ஒன்று, எதிர்ப் பக்கத்தில் கொஞ்சம் உயரத்தில் பெரிதாக மங்கலாக மற்றொன்று. கதிர் சற்றுக் கீழிருந்து மேல்நோக்கி வருவதால் அந்தப் பேய் நிழல் மேலே ஏறுகிறது. சைனஸுக்குள் ஏதோ வெள்ளைப் பொருள் என்று அதைப் படித்தவர்கள் உண்டு. கம்மல், மூக்குத்தி, கொண்டை ஊசி, கழற்றக்கூடிய பல்செட் எல்லாம் எடுத்துவிட வேண்டும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராதவர்களிடம் அது கழுத்தை ஒட்டி ஏறி நிற்காமல் கீழே இறங்கும்படி தளர்த்திவிடச் சொன்னால் பல சமயம் போதும், கட்டாயப்படுத்தத் தேவையில்லை.

ஓபிஜியில் ஸ்கேல் வைத்து அளந்து, எலும்பில் பதிக்கும் செயற்கை வேரான இம்ப்ளான்ட்டின் நீளம் முடிவு செய்வது இன்னொரு வம்பு. படம் ஏறக்குறைய 20–30 சதவீதம் பெரிதாக்கியே காட்டும், அதுவும் இடத்துக்கு இடம் மாறும். 5 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குண்டு ஒன்றை மெழுகில் பதித்து அந்த இடத்தில் வைத்து எடுத்தால் கணக்கு எளிது. குண்டு படத்தில் 6.25 மி.மீ. இருந்தால் பெருக்கம் 1.25. எலும்பு விளிம்பிலிருந்து கால்வாய் வரை படத்தில் 15 மி.மீ. என்றால் உண்மையில் 12. நரம்புக்கு மேலே 2 மி.மீ. விட்டுவிட வேண்டும், ஆக 10 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. இது உயரத்துக்கு மட்டும். கிடைமட்ட அளவை ஓபிஜியில் நம்பவே கூடாது, எலும்பின் தடிமன் அதில் தெரியவே தெரியாது.

மாணவர்களுக்கு இதையெல்லாம் பாடப் படங்களை மட்டும் காட்டிச் சொல்லித் தந்தால் தேர்வோடு மறந்துபோகும். உடற்கூறு வகுப்பில் உள்ள உலர்ந்த கீழ்த்தாடை ஒன்றையும் கதிர்ப்பட அறையையும் ஒரே மதியத்தில் சேர்த்துவிட்டால் நிற்கும். வெறும் எலும்பை அப்படியே எடுத்தால் சதை இல்லாததால் படம் கருகி, மெல்லிய பகுதிகள் காணாமல் போகும். மாடலிங் மெழுகுத் தாள்களை ஒன்று, ஒன்றரை செ.மீ. கனத்துக்கு அடுக்கி எலும்புக்கு முன்னால் வைத்து, கருவியில் இருப்பதிலேயே குறைந்த நேரத்தில் எடுக்க வேண்டும். முதல் படம் எந்த அடையாளமும் இல்லாமல். பிறகு மோவாய்த் துளையில் ஒரு கட்டா பெர்ச்சா குச்சியையும் (வேர் சிகிச்சையில் வேருக்குள் அடைப்பது, எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும்) பின்வாசலில் இன்னொன்றையும் செருகி இரண்டாவது படம். குச்சி 28 மி.மீ. நீளமே என்பதால் ஒரு பக்கத்திலிருந்து கால்வாய் முழுவதையும் தொடாது. தள்ளினால் உள்ளேயே மடங்கும், முறியும். பிறகு வெளிவரப்பின் மேலும் உள்வரப்பின் மேலும் மெல்லிய செம்புக் கம்பியை மெழுகால் ஒட்டி ஒவ்வொன்றாக ஒரு படம். எல்லா அடையாளத்தையும் ஒரே நேரத்தில் வைத்தால் எது எது என்று தெரியாது. குழாயை நகர்த்திக் கடைசிப் படம் எடுத்து, எந்தக் கம்பி எந்தப் பக்கம் ஓடியது என்று மாணவரையே சொல்லச் சொன்னால் கிளார்க் விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

படம் படிக்கும்போது பல்லைக் கடைசியில் பார்ப்பது நல்ல பழக்கம். ஒரு பக்கத்து மூட்டுத் தலையிலிருந்து தொடங்கி, தாடையின் அடி விளிம்பை விரலால் தொடர்ந்து மறுபக்க மூட்டு வரை போக வேண்டும். பிறகு இரண்டு கால்வாய்கள், இரண்டு சைனஸ் தளங்கள், படத்தின் இரு கீழ் மூலைகள். அந்த மூலைகளில் கழுத்து இரத்தக்குழாயில் படிந்த சுண்ணாம்பு சில சமயம் தெரியும். பல்வலிக்கு வந்தவரை இதய மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய சேதி அது. சொத்தையிலிருந்து ஆரம்பித்தால் கண் அங்கேயே நின்றுவிடும். சொல்லப்போனால் இரண்டு பற்களுக்கு இடையில் தொடங்கும் சொத்தையைப் பிடிக்க ஓபிஜி தோதான படமே இல்லை.

செய்திப் பக்கங்களுக்கும் ஒரு சொல். 'பல் எக்ஸ்ரே மூலம் வயது உறுதி' என்று தலைப்பிடுகிறீர்கள். 1973இல் டெமிர்ஜியன் குழு வகுத்த முறை, கீழ் இடப்புற ஏழு பற்கள் எட்டு வளர்ச்சிப் படிகளில் எதில் இருக்கின்றன என்று பார்த்து வயதை மதிப்பிடுகிறது. அதன் அட்டவணை பிரெஞ்சு-கனடியக் குழந்தைகளை வைத்துப் போட்டது. பதினாறு வயதுக்குப் பிறகு ஞானப்பல்லின் வேரை மட்டுமே நம்ப வேண்டும், அது ஆளுக்கு ஆள் வருடக் கணக்கில் வேறுபடும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 94ஆம் பிரிவும் பள்ளிச் சான்று, அதுவும் இல்லாவிட்டால் பிறப்புச் சான்று, இரண்டுமே இல்லாதபோதுதான் மருத்துவச் சோதனை என்று வரிசை வைத்திருக்கிறது. 'மதிப்பீடு' என்று போட்டால் போதும்.

தங்களிடம் கேட்பது இதுதான். அதே படத்தைச் சரியான இடவலத்தில் மீண்டும் வெளியிட்டு, அம்புக்குறியின் கீழ் 'மோவாய்த் துளை, இயல்பானது' என்று போடுங்கள். நோயாளியை எதிரே நிறுத்திப் பார்ப்பதுபோலத்தான் ஓபிஜியைப் பார்ப்பது வழக்கம்: அவருடைய வலப்பக்கம் நம் இடக்கைப் பக்கம் வரும், பல் மருத்துவர்கள் 38 என்று எண்ணிட்டுச் சொல்லும் இடக் கீழ் ஞானப்பல் படத்தின் வலப்புறம் நிற்கும். படத்தைத் திருப்பிப் போட்டால் 38, வலக் கீழ் ஞானப்பல்லான 48 ஆகிவிடும். அச்சுப் பக்கத்தில் அது பிழைத் திருத்தத்தோடு போய்விடும். பல் பிடுங்கும் நாற்காலியில் போகாது. பக்க வடிவமைப்பாளர் அழகுக்காகப் படத்தைத் திருப்புவது சாதாரணமாக நடக்கிற காரியம் என்பதால், மருத்துவப் படங்களை மட்டும் திருப்ப வேண்டாம் என்று அவரிடம் ஒரு குறிப்புக் கொடுத்துவிடுங்கள். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் வாசகர்களுக்கும் ஒரு வரி சேர்க்கலாம்: செல்ஃபோன் படத்தில் பற்குழிச் சுவரும் கால்வாய்க் கோடும் அழிந்துவிடும், சென்டரில் மூலக் கோப்பையே கேட்டு வாங்கி அனுப்பட்டும்.

இப்படிக்கு,
பல் கதிர்ப்படவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் இருவர்,
மதுரை.